அணைத் தண்ணீர் வரும் மலையாற்றில் கயாக்கில் போய் மீன் பிடிக்கலாமா?

மேலே அணை இருக்கும் மலையாற்றில் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டிக்கொண்டே தூண்டில் போடலாமா, எந்த நேரம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் அந்த ஆற்றில் துடுப்புக்கு ஒரு நேரம், தூண்டிலுக்கு ஒரு நேரம்.

மழை வெள்ளம் என்றால் வானம் கறுக்கும், தண்ணீர் கலங்கும். அணைத் தண்ணீருக்கு அதெல்லாம் கிடையாது. மின்தேவை கூடியதும் நீரைத் திறந்து, மின்சாரம் எடுக்கும் டர்பைனை ஓட்டுவார்கள். நல்ல வெயிலில், தெளிந்த நீராகவே ஆறு ஏறும். விநாடிக்கு 1,000 கன அடி என்றால் சுமார் 28 டன் தண்ணீர். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

எனக்கு இது ஒரு கல் திட்டில்தான் உறைத்தது. கயாக்கைப் பாதி கரையேற்றிவிட்டு, திட்டின் நுனியில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் மாறியது சத்தம். சலசலத்துக்கொண்டிருந்த இடம், கற்கள் மூழ்கியதும் அமைதியாகிவிட்டது. அப்புறம் கரையோரம் காய்ந்து கிடந்த சருகும் குச்சியும் மிதந்து வந்தன. திரும்பிப் பார்த்தால் கயாக்கின் பின்பக்கம் மிதந்து ஆடுகிறது. ஓடிப்போய்ப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் திட்டே தெரியவில்லை.

அன்றிலிருந்து, இறங்கியதும் நீர் விளிம்பில் பாதி நனைந்து பாதி காய்ந்த கல் ஒன்றைக் குறித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறை தூண்டில் வீசும்போதும் கண் அதன்மேல் போகும். காய்ந்த பாதி சுருங்கினால் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சரி, நேரத்துக்கு வருகிறேன். டர்பைன் ஓடாதபோது நீர் இறங்கி, மீன்கள் ஆற்றின் ஆழமான பள்ளங்களில் கூடும். தூண்டிலுக்கு அதுதான் நேரம். நீர் ஏறத் தொடங்கும்போது பூச்சி புழுக்கள் அடித்துவரப்படுவதால் மீன் இன்னும் நன்றாகக் கடிக்கும். அந்த ஆசையில் நடு ஆற்றில் நிற்காதீர்கள், கரையிலிருந்து போடுங்கள். அணையில் திறந்த நீர் பல கிலோமீட்டர் கீழே வந்துசேர மணிக்கணக்காகலாம். அணையருகே ஒலிக்கும் சைரன் அவ்வளவு தூரம் கேட்காது. நீர் திறக்கும் அட்டவணையையும் உங்கள் இடத்துக்கு வர ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

துடுப்புக்கு நீர் திறந்த நேரம்தான். அமெரிக்காவின் ஓகோயீ ஆற்றில் 1996 ஒலிம்பிக் படகுப் போட்டி நடந்த பகுதி, நீர் திறக்காத நாளில் பெரும்பாலும் வெறும் பாறைப் படுகைதான்.

இன்னொன்று, குளிர். ஆழமான அணைகளில் அடியிலிருந்து நீர் எடுத்தால், கோடையிலும் கீழே ஆறு சில்லென்று இருக்கும். டிரவுட் மீனுக்கு அது சொர்க்கம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ரெட் ஆற்றில் அணைக்குக் கீழே 1992இல் 18 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிரவுன் டிரவுட் ஒன்று சிக்கியது. அதே குளிரில் நாம் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு திணறும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்கப் பார்த்தால் கால் பாறையிடுக்கில் சிக்கும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி மிதந்து ஓரம் சேருங்கள்.

அப்புறம், பாறைச் சரிவில் இறங்கும் முன் தூண்டில் முள்ளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். கவிழ்ந்த படகில் முள்ளும் நரம்பும் உடம்பைச் சுற்றிக்கொள்ளும். எட்டும் இடத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கட்டும்.