கேளுங்க சொல்றோம்: 99.8 வேணுமா, 99.6 போதுமா?

கேள்வி: சார், நான் ஒரு கெமிக்கல் பிளான்ட்ல ஆபரேட்டர். மெத்தனாலையும் தண்ணியையும் பிரிக்கிற டிஸ்டிலேஷன் டவர் ஓட்டுறோம். பார்ட்டி கேக்கற மெத்தனால் சுத்தம் 99.5 பர்சன்ட், நாங்க எப்பவும் செட்பாயின்ட் (கன்ட்ரோல் பிடிச்சு நிறுத்த வேண்டிய அளவு) 99.8ல வைப்போம். புதுசா வந்த இன்ஜினியர் தம்பி 99.6 போதும்ங்கறார். சுத்தமா குடுத்தா நல்லதுதானே, எதுக்கு வம்பு?
(பேர் போட வேணாம், கடலூர்)

பதில்: தம்பி சொல்றதும் சரி, உங்க பயமும் சரி, ஆனா ரெண்டு பேரும் சுத்தம் நேரத்துக்கு நேரம் எப்படி ஏறி இறங்குதுன்னு காட்டுற ட்ரெண்ட் கிராஃபை பாத்துட்டுத்தான் பேசுனீங்களா? தராசு நிக்காம ஆடுனா கடைக்காரர் எடை குறைஞ்சு சண்டை வரக்கூடாதேன்னு ஒரு கை பருப்பு கூடவே போடுவார்ல, அந்த ஒரு கை பருப்புதான் 99.5க்கு மேல நீங்க வைக்கிற 0.3. பார்ட்டி அதுக்கு ஒரு பைசா கூட தரமாட்டான், ஸ்டீம் பில் மட்டும் உங்களுது. சுமாரா ஒரு கிலோ மெத்தனாலை ஆவியாக்க அரை கிலோ ஸ்டீம் வேணும், சுத்தத்தை கூட்ட ரிஃப்ளக்ஸ் ரேஷியோவை (வெளிய எடுக்கற ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தன கிலோவை திரும்ப டவருக்குள்ளயே விடறோம்ங்கற கணக்கு) ஏத்தணும், அது 1ல இருந்து 1.2க்கு போனாலே டன்னுக்கு 100 கிலோ ஸ்டீம் கூடிரும், அதுலயும் 99.5க்கு மேல ஒவ்வொரு 0.1க்கும் முன்னத விட ஜாஸ்தி செலவு.

அதுக்காக நாளைக்கே 99.6க்கு இறக்கிடாதீங்க. கிராஃப் 0.3 வரைக்கும் கீழ போய்ட்டு வருதுன்னா 99.8தான் சரியான இடம். கன்ட்ரோலை டியூன் பண்ணி ஆட்டத்தை 0.1க்குள்ள அடக்குங்க, அப்புறம் 99.6க்கு வாங்க. நிறைய பேர் கோடு நேராச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டு செட்பாயின்ட்டை தொடாமலே விட்டுருவாங்க, அதுல என்ன லாபம்? காசு வர்றதே செட்பாயின்ட்டை நகத்தும்போதுதான். 1970கள்ல ஷெல் கம்பெனியில உருவான டிஎம்சி (டைனமிக் மேட்ரிக்ஸ் கன்ட்ரோல், அடுத்து என்ன ஆகும்னு முன்கூட்டியே கணிச்சு ஓட்டுற கம்ப்யூட்டர் கன்ட்ரோல்) மாதிரி கன்ட்ரோலுக்கெல்லாம் கம்பெனிக்காரங்க காசு குடுக்கறது இதுக்குத்தான்.

மார்க்கெட்ல சரக்கு பறக்குற நேரம்னா கணக்கே வேற, ரிஃப்ளக்ஸ் குறைஞ்சா டவர்ல இடம் கிடைக்கும், ஃபீட் (பிரிக்க உள்ள விடற கலவை) கூட ஏத்தலாம், அந்த லாபத்துக்கு முன்னாடி ஸ்டீம் மிச்சம் சில்லறை.

டவர் அடியில தண்ணியோட போற மெத்தனாலை யாரும் பாக்கறதில்ல. அங்க இவ்ளோ சுத்தம் வேணும்னு பார்ட்டி கேக்கற அளவு கிடையாது, அதனால எல்லைக்கு பக்கத்துல ஒட்டணும்ங்கற கதையும் இல்ல. எஃப்ளூயன்ட் லிமிட்டுக்குள்ள (கழிவுத் தண்ணியில இவ்ளோதான் இருக்கலாம்ங்கற அளவு) இருக்கற வரைக்கும், இன்னொரு கிலோ மெத்தனாலை மீட்க ஆகுற ஸ்டீம் செலவு அந்த கிலோவோட விலையை தொடுற இடத்துல நிறுத்திக்கணும். ஸ்டீம் விலை மாறுனா அந்த இடமும் மாறும், போன வருஷ நம்பரையே வச்சு ஓட்டாதீங்க.

முதல்ல ஒரு மாச லாக்கை எடுங்க, ஃபீட் டேங்க் மாத்துற நேரத்துல எவ்ளோ ஆடுதுன்னு தனியா பாருங்க.