அந்த "மகள்கூட"

கேள்வி: வயது 46. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறேன். 19 வருடமாகத் தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், கள்ளோ பிராந்தியோ தொடுவதில்லை. நம் வழக்கப்படி சாம்பல் புதனில் தொடங்காமல், பக்கத்து வீட்டு சீரோ மலபார் (கேரளத்தின் இன்னொரு கத்தோலிக்கப் பிரிவு) சபைக்காரர்கள் போல இரண்டு நாள் முன்பே, திங்கட்கிழமையே தொடங்கிவிடுவேன். ஞாயிறும் விலக்கில்லை. கவிச்சி கிடையாது, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. அந்த நாட்களில் வீட்டில் சண்டை இருக்காது. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் மகள்கூட என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஆனால் தியானத்தில் எல்லோரும் கடவுளின் அன்பை நினைத்து அழும்போது என் நெஞ்சு மட்டும் கல்லாகக் கிடக்கிறது. இந்த வருடம் மரச்சிலுவை சுமந்து மலையாற்றூர் புனித தோமையார் மலை ஏறலாமா? அவர் அன்புக்கு நான் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, இடத்துக்காக உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் நோன்புக்கு ஒரு பக்கம், மலையாற்றூருக்கு ஒரு பக்கம். மகளுக்கு ஒரே ஒரு வரி. அதிலும் "மகள்கூட" என்று போகிறபோக்கில் ஒரு சொல். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

மகள்கூட உட்காருவாள் என்றால், மற்ற நாட்களில் உட்காருவதில்லை என்றுதானே பொருள்? அது ஏன் என்று நீங்கள் அவளிடம் கேட்டதுண்டா? என்னிடமும் கேட்கவில்லை. வீட்டுக் கூரையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

நீங்கள் நாள் கணக்கு வைக்கிறவர். நானும் கணக்குப் போட்டேன். இந்த ஆண்டு (2026) பிப்ரவரி 16 திங்கள் முதல் ஏப்ரல் 4 பெரிய சனி வரை 48 நாள். மிச்சம் 317. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினாறு வயது என்று வைத்துக்கொண்டால், 16 தவக்காலம், 768 நாள். பதினாறு வருடத்தில் அந்தப் பிள்ளைக்கு அப்பா கிடைத்தது இரண்டு வருடமும் சொச்சமும்தான். அந்தச் சொச்சத்திலும் பாதி, அவள் மடியில் கிடந்த வயது.

என் அப்பாவும் குடிப்பார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று எனக்கும் என் தம்பிக்கும் தெரிந்துவிடும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் நல்ல நாள். ஒன்று விழுந்து, இன்னொன்று நேரம் கழித்து விழுந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவோம். தவக்காலம் வந்தால் இரண்டும் சேர்ந்து விழும். மத்தி மீனை உதிர்த்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டு, சதையை மட்டும் என் தட்டில் வைப்பார். எனக்கு இப்போது 67 வயது. அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஈஸ்டர் ராத்திரி பூசையில் எல்லோரும் அல்லேலூயா பாடும்போது நான் அழுவேன். பக்தி என்று அம்மா நினைத்துக்கொள்வாள். நாளையிலிருந்து அப்பா இருக்கமாட்டார் என்று நான் அழுதது யாருக்கும் தெரியாது.

உங்கள் மகளும் நாள் எண்ணிக்கொண்டிருப்பாள் தம்பி. நீங்கள் எண்ணும் திசைக்கு எதிர்த்திசையில். உங்களுக்கு ஈஸ்டர் வர இன்னும் எத்தனை நாள் என்பது கணக்கு. அவளுக்கு ஈஸ்டர் வராமல் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்பது கணக்கு.

சாம்பல் புதன் கழிந்த வெள்ளிக்கிழமைப் பூசையில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். நோன்பு என்றால் எது என்று கடவுளே சொல்லும் இடம். பசித்தவனோடு உணவைப் பகிர்ந்துகொள், வீடில்லாதவனைச் சேர்த்துக்கொள், ஆடையில்லாதவனை உடுத்து என்று வரிசையாகச் சொல்லிவந்து, உன் சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைத்துக்கொள்ளாதே என்று கடைசியில் வைக்கிறார். 19 வருடமாக வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவருக்கு அந்தக் கடைசி வரி காதில் விழவில்லையா?

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்று ஒரு சொல் வரும். பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதை, கடவுளுக்கு நேர்ந்தாயிற்று என்று சொல்லிக் கைவிரித்தவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியதற்கும் அதே நியாயம்தான் என்பேன். உங்கள் நிதானத்தைக் கடவுளுக்கென்று நேர்ந்து வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் மகளுக்குச் சேரவேண்டியது. கடவுள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தகப்பன் நிதானத்தோடு வீட்டுக்கு வருவது கடமை. அதை வருடத்தில் 48 நாள் காணிக்கையாகப் போட்டுவிட்டு, மிச்ச நாளுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள்.

நெஞ்சு கல்லாக இருக்கிறது என்கிறீர்கள். இல்லாமல் என்ன செய்யும்? கண்ணில் காணும் சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்று யோவானின் முதல் திருமுகம் சொல்கிறது. அதே இடத்தில், அவர்தான் நம்மை முதலில் நேசித்தார் என்றும் இருக்கிறது. 317 நாள் பட்டதையெல்லாம் வைத்துக்கொண்டு, ஒரு பெண் குழந்தை தன் தட்டை எடுத்துவந்து உங்கள் பக்கத்தில் வைக்கிறாள். நீங்கள் கேட்காமலே, மன்னிப்புச் சொல்லாமலே வைக்கிறாள். தியானக் கூடாரத்தில் தேடிய அன்பு உங்கள் முழங்கையை உரசிக்கொண்டு சோறு பிசைகிறது. அதற்குப் பதில் செய்யத் தெரியாமல், இன்னும் என்ன செய்ய என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

மலையாற்றூர் எங்கும் ஓடிப்போகாது. "பொன்னும் குரிசு முத்தப்போ, பொன்மல கயற்றம்" என்று மலையாளத்தில் கூப்பிட்டுக்கொண்டு நானும் ஏறியிருக்கிறேன், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். இந்த வருடம் வேண்டாம். மார்ச்சில் அவளுக்குப் பரீட்சை. நீங்கள் மலைக்குப் போகும் நாட்கள் அவள் கையிலிருக்கும் 48-லிருந்து கழியும்.

ஒரு நல்ல சேதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் தெரியவில்லை. 48 நாள் விட முடிகிறவரால் 49ஆம் நாளும் முடியும். உங்கள் சித்தூர் தாலுகா முழுக்கத் தென்னந்தோப்பும் கள்ளும்தான், கூட்டாளிகள் கூப்பிடாமல் இருக்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். தனியாக நிற்க முடியாது என்று தோன்றினால் வெட்கப்படாமல் குடியை விட உதவும், கேரள எக்சைஸ் துறையின் விமுக்தி மையத்துக்குப் போங்கள். வருடம் முழுக்க என்று கடவுளிடம் சத்தியம் பண்ணாதீர்கள். இன்றைக்கு ஒரு நாள் என்று மகளிடம் சொல்லுங்கள், நாளைக்கும் அதையே சொல்லுங்கள்.

இன்று ராத்திரி அவள் தட்டோடு வரும்போது பேசுங்கள். மற்ற நாட்களில் ஏன் வருவதில்லை என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். சொல்லாமல் எழுந்துபோனால் மறுநாள் கேளுங்கள்.

ஏப்ரல் 5 ஈஸ்டர். மறுநாள் 6ஆம் தேதி, திங்கட்கிழமை. அன்று ராத்திரி அவள் தட்டு எங்கே இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.