கனடாவில் பெயரைப் பார்த்தே வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்பது உண்மையா? ஆதாரம் இருக்கிறதா?

உண்மைதான். ஆதாரமும் இருக்கிறது, அதுவும் நான் வாழும் ஊரிலேயே எடுத்தது.

டொரன்டோ பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பிலிப் ஓரியோபுலஸ் 2008 வாக்கில் ஆயிரக்கணக்கான கற்பனை ரெஸ்யூமேக்களைத் தயாரித்து, டொரன்டோ வட்டாரத்தில் இணையத்தில் வந்த நிஜ வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார். படிப்பு, அனுபவம் இரண்டுமே கனடாவில் என்று இருந்தவற்றிலேயே, ஆங்கிலப் பெயர் இருந்தால் நூற்றுக்கு 16க்கு நேர்காணல் அழைப்பு வந்தது. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு 11தான். அனுபவம் வெளிநாட்டில் என்று மாற்றினால் இன்னும் சரிந்தது.

என்னை உலுக்கியது அடுத்த பகுதி. ஆள் எடுப்பவர்களிடம் கேட்டால், மொழிதான் கவலை என்கிறார்கள். சரி, சில ரெஸ்யூமேக்களில் மொழிப் புலமை, பன்னாட்டு நிறுவன அனுபவம், பேர்போன கல்லூரி என்று சேர்த்தும் பார்த்தார். இடைவெளி குறையவில்லை. குறை இல்லை என்று எழுதிக் காட்டியும் கூப்பிடாதவர்கள், அந்தக் குறையைக் காரணமாகச் சொல்வதை எப்படி நம்புவது?

டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியில் புதிதாக வந்திறங்குபவர்களுக்கு ரெஸ்யூமே எழுத உதவுகிறேன். திருச்சிக்காரத் தம்பி ஒருவர், சி.ஏ. முடித்து ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணக்கு முழுவதையும் பார்த்தவர். "அண்ணா, முழுப் பேரை எடுத்துட்டு 'பால்'னு (Paul) போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டியவர் அவர். படிப்புக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போட்டுத்தான் கனடா அவரை உள்ளே விட்டது. 1967இல் தொடங்கிய முறை அது. அரசு புள்ளி கொடுத்த அதே அனுபவத்தை இங்குள்ள அலுவலகங்கள் மதிப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

'கனடிய அனுபவம் வேண்டும்' என்று கேட்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு என்று, டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013லேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஒன்டாரியோவில் பொது விளம்பரங்களில் அப்படிக் கேட்கக் கூடாது என்பது சட்டம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகார் அனுப்புங்கள்.

பெயர் விஷயம் இதைவிடக் கடினம். பெயரை வைத்து ஒதுக்குவதும் சட்டப்படி தவறுதான், ஆனால் ஏன் கூப்பிடவில்லை என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தனி ஆளால் நிரூபிக்க முடியாது. அதனால் இந்த மாதிரிச் சோதனையை அரசே வருடா வருடம் நடத்தி, பிடிபடும் நிறுவனங்களின் பெயரை வெளியிட வேண்டும் என்று நினைக்கிறேன்.