நூலின் கவுண்ட் என்றால் என்ன? 40-ஆம் நம்பர் நூல் 20-ஐவிட ஏன் மெல்லியது?

கவுண்ட் என்பது நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண். எண் கூடக் கூட நூல் மெலியும். முதன்முதலில் படிப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம், இங்கே எடையை மாறாமல் வைத்து நீளத்தை எண்ணுகிறோம்.

பருத்தி நூலில் 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை சிட்டம் கிடைக்கிறதோ அதுதான் கவுண்ட். 40-ஆம் நம்பர் என்றால் அந்த ஒரே பவுண்டில் 33,600 கெஜம், ஏறக்குறைய 30 கிலோமீட்டர்! 20-இல் அதில் பாதிதான். ஒரே அளவு களிமண் உருண்டையைக் கயிறுபோல உருட்டிப் பாருங்கள். நீள நீள மெலிந்துகொண்டே போகும். அதே கதைதான்.

ஒரு ஜீன்ஸ் ஓரத்திலிருந்தும் மெல்லிய சட்டையிலிருந்தும் ஒவ்வோர் இழையை உருவி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.

அப்புறம், 2/40 என்று எழுதியிருந்தால் இரண்டு 40 நூல்களை முறுக்கிச் சேர்த்தது. தடிமனில் அது 20-க்குச் சமம். பாலியெஸ்டர் இழைக்குச் சொல்லும் டெனியர் இதற்கு நேர் எதிர். அது 9,000 மீட்டர் இழையின் எடை கிராமில், ஆகவே எண் கூடினால் தடிமனும் கூடும்.

படுக்கை விரிப்பு உறையில் 300 என்று போட்டிருப்பதைப் பலர் கவுண்ட் என்றே நினைக்கிறார்கள். அது ஒரு சதுர அங்குலத் துணியில் உள்ள பாவு (நீளவாட்டு), ஊடை (குறுக்குவாட்டு) இழைகளின் மொத்த எண்ணிக்கை.