எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், எந்த ஊர் என்று கேளுங்கள்

பெர்லினுக்கு வந்து மூன்று வாரம், கூடத் தங்கியிருப்பவர்கள் இரண்டு சிரியாக்காரர்கள், சாப்பிடும்போது "நீங்கள் போராளிகள் பக்கமா, அரசு பக்கமா?" என்று கேட்டதும் இருவரும் தட்டோடு எழுந்து போய்விட்டார்கள், என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு ஒன்றுமில்லை தம்பி. நானும் அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

நான் வேலை பார்த்த உணவகத்தில் பாத்திரம் கழுவியவர் சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர். காய் நறுக்கியவர் வடமேற்கு சிரியாவில் அஃப்ரீன் பக்கத்துக் குர்து, அரபி அல்லாத தனி மொழி பேசும் இனம். 2024 டிசம்பர் 8, தலைநகர் டமாஸ்கஸ் போராளிகளிடம் விழுந்து அதிபர் அசாத் மாஸ்கோவுக்கு ஓடிய நாள். பச்சை, வெள்ளை, கறுப்பில் மூன்று சிவப்பு நட்சத்திரம் போட்ட போராளிகள் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு அலெப்போக்காரர் எல்லோருக்கும் பக்லாவா கொடுத்தார். குர்துக்காரர் ஒரு துண்டை வாங்கி, நறுக்கும் பலகை ஓரத்தில் வைத்தார். சாயங்காலம் வரை அது அங்கேயே இருந்தது.

இவர் அசாத் ஆள் போல என்று நினைத்தேன். சுத்த மடத்தனம். அசாத் ஆட்சியில் அவர் தாய்மொழியில் ஒரு பள்ளிக்கூடம்கூடக் கிடையாது.

விஷயம் என்னவென்றால், அங்கே அசாத்தின் எதிர்த்தரப்பு என்று ஒரே கூட்டம் இருந்ததில்லை. 2011 ஜூலையில் ராணுவத்திலிருந்து விலகியவர்கள் 'சுதந்திர சிரியப் படை' என்று அறிவித்தார்கள். பெயர் ஒன்று, உள்ளே ஊருக்கொரு குழு. துருக்கி, கத்தார், சவூதி என்று காசு வந்த வழியும் வேறு வேறு. டமாஸ்கஸைப் பிடித்த தஹ்ரீர் அல்-ஷாம் என்ற குழு, அல்-காய்தா வழியில் வந்து பிறகு பிரிந்தது. குர்துப் படை தனி. அது அமெரிக்கா துணையோடு ஐஎஸ் தீவிரவாத அமைப்போடு மோதியது.

அலெப்போக்காரருக்கு அந்தக் கொடி, 2016 டிசம்பரில் அரசுப் படை ஊரைப் பிடித்து, பச்சைப் பேருந்தில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பப்படும் வரை வீட்டு மாடியில் பறந்த கொடி. அஃப்ரீன்காரருக்கோ, 2018 மார்ச்சில் துருக்கி ராணுவத்தோடு வந்து அவர் வீட்டையும் ஒலிவத் தோப்பையும் எடுத்துக்கொண்ட போராளிக் குழுக்களின் கொடி. இதை அவர் எனக்குச் சொல்ல ஒரு வருஷம் ஆயிற்று.

அதனால் எந்த ஊர், எப்போது கிளம்பினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மீதி தானாக வரும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். இன்று ராத்திரி நீங்களே டீ போடுங்கள். சர்க்கரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், நம்மைவிட இரண்டு ஸ்பூன் கூடுதலாகவே போடுவார்கள்.