டோக்கன் வாங்கும் முன் வக்கீலைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் நானும் தம்பியும் கூட்டாகப் பனியன் கம்பெனி நடத்துகிறோம். அப்பா ஆரம்பித்தது. இடமும் அவர் சொந்தமாக வாங்கியது, பத்திரம் அவர் பெயரில். உயில் எழுதாமல் தவறிவிட்டார். அம்மா இருக்கிறார். தங்கைக்கு நிறைவாகச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று. தெரிந்தவர் ஒருவர் இடத்தோடு சேர்த்து விலைக்குக் கேட்கிறார். "வக்கீலையெல்லாம் கிரயத்தன்னைக்குப் பார்த்துக்கலாங்க, இப்ப டோக்கன் அட்வான்ஸை வாங்கிக்குங்க" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். டோக்கன் கைமாறியதும் கெடு ஓட ஆரம்பித்துவிடும். அதன்பின் வெளிவரும் ஒவ்வொரு குறைக்கும் அவர் விலையில் பிடிப்பார். இடமும் சேர்ந்திருப்பதால், முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போட முடியும்.

நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ஆடிட்டரிடம் ஓடுவோம். கணக்குக்கு அவர் சரி. எது யார் பெயரில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல வக்கீல் வேண்டும். உங்கள் கடிதத்தில் சிக்கலே அதுதான்.

சீர் செய்தது சீர். அதனால் பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த இடத்தில் அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நால்வருக்கும் சம பங்கு. வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போனால், வங்கி வக்கீல் வாரிசுச் சான்றிதழைக் கேட்பார். அதில் தங்கையின் பெயர் இருக்கும், சீர்க்கணக்கு இருக்காது. அம்மாவும் தங்கையும் கிரயத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய காகிதம் உதவாது. தங்கையிடம் பேசும்போது விலையை மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் வழக்கை விட உறவு முறிவதுதான் பெரிய நஷ்டம். இடத்தை வைத்துக்கொண்டு, கம்பெனியை மட்டும் விற்று, இடத்தை அவருக்கே வாடகைக்கு விடவும் வழி உண்டு. நானாக இருந்தால் அதைத்தான் முதலில் யோசிப்பேன்.

கம்பெனிக்கு வருவோம். அப்பா பங்குதாரராக இருந்தால், அவருக்குப் பின் கூட்டுப் பத்திரத்தை மாற்றி எழுதினீர்களா என்று பாருங்கள். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்கள் வங்கிக் கடனுக்கு ஈடாக இருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதம் வேண்டும். ஓடுகிற கம்பெனியை முழுசாகக் கைமாற்றினால் ஜிஎஸ்டி கிடையாது, மெஷின்களைத் தனித்தனியாக விற்றால் உண்டு. விற்கிற நாள்வரைக்குமான ஜிஎஸ்டி பாக்கிக்கு வாங்குபவரும் சேர்ந்தே பொறுப்பு. அதனால் உங்கள் கணக்கைத் துருவித்தான் பார்ப்பார், கோபப்படாதீர்கள். அப்புறம், ஐந்து வருடம் தாண்டிய டெய்லர்கள், செக்கிங் பெண்களின் கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, யார் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். "பார்த்துக்கலாம்" என்று விட்டால் அவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள்.

கம்பெனி பெயரையும் சேர்த்து வாங்குபவர், இதே தொழிலை இந்தப் பகுதியில் மறுபடி செய்யக் கூடாது என்று நிபந்தனை கேட்பார். பெயரையும் நற்பெயரையும் விற்கும்போது, நியாயமான எல்லைக்குள் அது செல்லும். தம்பி நாளைக்குத் தனியாக நாலு மெஷின் போட நினைத்திருந்தால் இது அவரைத்தான் கட்டும். வக்கீலிடம் போகும் முன் அவர் மனதில் என்ன இருக்கிறதென்று கேட்டுவிடுங்கள்.