தொண்டி முதல் வேம்பார் வரை, இரண்டே நாளில்?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் 5 பேர் தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து திருச்சியிலிருந்து ஒரே காரில் கிளம்புகிறோம். தொண்டியில் தொடங்கி கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வேம்பார் வரை போய்த் திரும்ப ஆசை. வழியெல்லாம் கடல் பார்க்க வேண்டும், குளிக்க வேண்டும், முடிந்தால் மீன்பிடிப் படகில் ஏதாவது ஒரு தீவுக்கும் போக வேண்டும். தனுஷ்கோடி மணலில் காரை இறக்கலாமா? இரவு எங்கே தங்குவது?

பதில்: முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைச் சாலை என்பது பெயரளவில்தான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பெரும்பாலான தூரத்துக்குச் சாலையிலிருந்து கடல் தெரியாது. சீமைக்கருவேலமும் பனையும் உப்பளமும் இறால் பண்ணையும்தான் கூடவே வரும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஊர்ச்சாலையில் இறங்கி, கரைவரை போய்த் திரும்ப வேண்டும். இறங்கி ஏறுவதிலேயே பகல் போய்விடும். ஆகவே வேம்பாரை விட்டுவிடுங்கள். அதற்கு முன்பே வரும் வாலிநோக்கம் போதும்.

அடுத்தது காற்று. இந்தக் கரையில் எங்கே எப்போது நிற்பது என்பதைக் காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். அந்தப் பெயரை நம்பி, வடக்கே எப்போதும் சாதுவாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது தெற்குக் கடல் சீறும், வடக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று திரும்பிவிட்டால் கதை தலைகீழ். தை மாதத்தில் வாடை முழுதாக ஓய்ந்திருக்காது. எனவே கால் நனைக்கவும் உட்காரவும் உங்களுக்குத் தெற்குக் கரைதான் வசதி. வடகரையில் அரியமான், பிரப்பன்வலசை போன்ற இடங்களுக்குப் போவதாக இருந்தால், வெயில் ஏறிக் காற்று பிடிப்பதற்குள் போய்விடுங்கள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினால் காரைக்குடி, திருவாடானை வழியாகத் தொண்டிக்குக் காலைச் சாப்பாட்டுக்கே வந்துவிடலாம். அங்கிருந்து தெற்கே காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு படகுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். காட்டுக்குள் நுழைந்துவிட்டால் வாடையின் தொல்லையும் குறைவு. பிறகு தேவிபட்டினம், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம். ஆனால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். தை அமாவாசையை ஒட்டி தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேஸ்வரம் மூன்றிலும் தர்ப்பணத்துக்கு வரும் கூட்டத்தில் கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

மாலை வெயில் சாயும்போது பாம்பனில் இருப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள். சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் வேலை வேண்டாம். பின்னால் வரும் பேருந்து ஓட்டுநர் வாயில் விழுவீர்கள். ஓரமாக ஓரிடத்தில் விட்டுவிட்டு நடைபாதையில் நடந்து போங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் நெம்பித்தான் திறந்தார்கள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள் என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இரவுத் தங்கல் ராமநாதபுரத்தில் என்றால் செலவு மிச்சம். இருந்தாலும் ராமேஸ்வரத்தில் தங்கச் சொல்வேன். காரணம் தனுஷ்கோடி. விடியலில் சோதனைச்சாவடி திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல், சாலை முடியும் அரிச்சல்முனை திருவிழாத் தெருவாகிவிடும். மாலையானதும் காவலர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகும் வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கின்றனவா என்று பாருங்கள், தை மாதம் அதற்கு ஏற்ற காலம்.

மணலில் காரா? வேண்டவே வேண்டாம். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017 முதல் இருக்கிறது, அதற்கு முன்பு வேன்தான் கதி. இன்றும் காற்றடித்தால் சாலை ஓரத்தை மணல் மூடிவிடும். தார் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஒருமுறை பறவை பார்க்கும் அவசரத்தில் இரண்டு சக்கரத்தை ஓரத்தில் இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் தவித்தவன் நான். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புதைந்ததுதான் மிச்சம். கடைசியில் மீனவர்கள் சிலர் வந்து டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொல்லி, அடியில் பனைமட்டை போட்டுத் தள்ளிவிட்டார்கள். சிக்கினால் நீங்களும் அதையே செய்யுங்கள்.

முனையில் குளிக்காதீர்கள். இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம், கரையிலேயே சட்டென்று ஆழம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் பவளக்கல்லால் கட்டியவை, உதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஏறி நின்று படமெடுக்க வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், எல்லைப் பகுதி. கைபேசி சில நேரம் இலங்கை அலைவரிசையைப் பிடிக்கும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

தீவுக்கு மீன்பிடிப் படகில் போவது சட்டப்படி குற்றம். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. உங்களை ஏற்றிப்போகும் படகுக்காரருக்கும் வழக்கு வரும், பாவம். கடல் சாதகமாக இருந்தால் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பவளத்துண்டு, கடல்குதிரை எதையும் நினைவுப் பொருளாக வாங்காதீர்கள். புலிக்கு உள்ள அதே சட்டம் இவற்றுக்கும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ஒரு யோகம். இங்கே விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்தான் போகும். வழக்கமாகச் சனிக்கிழமை போனவை ஞாயிறு காலை கரை திரும்பும். தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் விளமீனோ பாறையோ கண்முன்னே காட்டிப் பொரித்துத் தருவார்கள். எண்ணெயில் போடுவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள்.

பிறகு மண்டபம் தாண்டி ராமநாதபுரத்திலிருந்து தெற்கே இறங்கினால் திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். கீழக்கரையில் தொதல் வாங்காமல் வண்டி எடுக்கக் கூடாது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த ஒட்டல் உங்கள் பற்களைத் திருச்சி வரை சோதிக்கும். வாலிநோக்கத்தில் மாலை 4 மணிக்கு மேல் இருக்காதீர்கள். திருச்சிக்குத் திரும்ப 5 மணி நேரமாவது வேண்டும், சீமைக்கருவேலம் சூழ்ந்த இருட்டுச் சாலையில் ஆடுமாடுகள் குறுக்கே வரும்.

“தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்” என்று அந்தக் கால அதிகாரிகள் மிரட்டியது இந்தச் சீமையைத்தான். 5 பேருக்கு 20 லிட்டர் கேன் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். ராமேஸ்வரத்தைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது. வீட்டுக்கு வந்த மறுநாளே காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும்.